சனசமூக நிலையக் கணினிகளில் மெனுவை வகைப்படுத்துவது எப்படி?

கேள்வி இதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் எட்டுப் பழைய கணினிகள். எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ற் இயங்குதளம், அதன்மேல் எக்ஸ்எப்சிஈ டெஸ்க்ரொப் (திரையும் மெனுவும் தரும் பகுதி). காலையில் கடிதம், வேலை விண்ணப்பம் அடிக்க ஆட்கள் வருகிறார்கள். பின்னேரத்தில் ஓ-லெவல், ஏ-லெவல் பிள்ளைகள். மெனுவைத் திறந்தால் பெயர்கள் நிரம்பி வழிகின்றன. பாஸ்கல் எங்கே, பைதன் எங்கே என்று பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் கேட்கிறார்கள். வருகிறவர்களுக்கு ஏற்றபடி மெனுவை அடுக்கவேண்டும், அப்டேற் வந்தாலும் அது குலையக்கூடாது, எட்டுக் கணினியிலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும்.

மூன்றுமே முடியும். ஆனால் மெனு எடிற்றரைத் திறந்து இழுத்துப் போடுவதில் தொடங்கவேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இந்தப் பதிலில் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்து சிறிய எழுத்து பிசகாமல் அடிக்கவேண்டும்.

மெனுவில் தெரியும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் '.டெஸ்க்ரொப்' என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. பெரும்பாலானவை '/யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்' கோப்புறையில் கிடக்கும். அதற்குள் பெயர், ஐகன், எந்தக் கட்டளையை ஓட்டவேண்டும் என்ற விபரங்களோடு 'கற்றகரீஸ்' என்று ஒரு வரியும் இருக்கும். மென்பொருளை எழுதியவர் தன்னுடைய மென்பொருள் எந்த இனம் என்று அந்த வரியில் சொல்லிவிடுகிறார். பிரீடெஸ்க்ரொப் என்ற பொதுத் தரநிலை இதற்கு 13 முதன்மை வகைகளை வைத்திருக்கிறது: ஓடியோவீடியோ, ஓடியோ, வீடியோ, டிவலப்மென்ற், எடியுகேஷன், கேம், கிராபிக்ஸ், நெற்வேர்க், ஒபிஸ், சயன்ஸ், செற்றிங்ஸ், சிஸ்ரம், யுரிலிற்றி. இரண்டாவது அடுக்கு '.மெனு' கோப்பு. எந்த வகை எந்தத் தலைப்பின் கீழ் வரவேண்டும் என்று அதுதான் தீர்மானிக்கிறது. எக்ஸ்எப்சிஈயில் அது '/ஈரிசி/எக்ஸ்டிஜி/மெனூஸ்/எக்ஸ்எப்சிஈ-அப்ளிகேஷன்ஸ்.மெனு'. மூன்றாவது '.டிரெக்ரறி' கோப்பு. தலைப்பின் பெயரும் ஐகனும் மட்டும் அதில் இருக்கும்.

உங்கள் சிக்கல் எங்கே என்பது இதிலேயே தெரிகிறது. 'கற்றகரீஸ்' வரி சொல்வது மென்பொருளின் இனத்தை. நிலையத்துக்கு வருகிறவரோ ஒரு அலுவலோடு வருகிறார். லிப்ரே ஒபிஸ் ட்றோ தன்னை ஒபிஸ் என்றும் கிராபிக்ஸ் என்றும் சொல்லிக்கொள்வதால் இரண்டு இடத்தில் தெரியும். பாஸ்கல் எழுத உதவும் ஜீனி டிவலப்மென்றுக்குள் போய்விடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை அதைப் பாடத்தில்தான் தேடும், 'மென்பொருள் உருவாக்கம்' என்ற தலைப்பைத் திறந்து பார்க்காது. ஆகவே டெஸ்க்ரொப் கோப்புகளைத் தொடாமல் விட்டுவிட்டு, மெனுக் கோப்பின் மட்டத்தில் வேலை செய்யுங்கள். அப்டேற் வந்து குலைப்பது எப்போதும் டெஸ்க்ரொப் கோப்புகளைத்தான்.

கணினியில் கை வைக்கமுன் ஒரு தாளில் தலைப்புகளை எழுதுங்கள். இந்த வேலையில் பாதி இதுதான். உங்கள் நிலையத்துக்கு நான் போடக்கூடியவை: 'ஓ-லெவல்', 'ஏ-லெவல்', 'கடிதமும் படிவமும்', 'இன்ரநெற்', 'படம், பாட்டு, வீடியோ', 'சின்னப் பிள்ளைகள்', 'கணினிப் பராமரிப்பு'. ஏழு போதும். பத்தைத் தாண்டினால் பழைய நிலைக்கே வந்துவிடுவீர்கள். தலைப்புக்குள் இன்னொரு தலைப்பு வைக்கவேண்டாம். மவுஸ் பழகாத கைக்கு இரண்டாவது அடுக்கு விரிந்து மூடுவதே பெரிய கரைச்சல்.

ஓ-லெவல் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், முன்வைப்பு, தரவுத்தளம், பாஸ்கல் எல்லாம் வருவதால், அந்தத் தலைப்பின் கீழ் லிப்ரே ஒபிஸின் றைட்டர், கல்க், இம்பிறெஸ், பேஸ், அவற்றோடு ஜீனி. ஏ-லெவலுக்கு பைதன் எழுத தொனி, தருக்கப் படலைகளுக்கு லொஜிசிம், கணிதப் பிரிவுக்கு ஜியோஜெப்ரா, இரசாயனவியலுக்கு கல்சியம் என்ற ஆவர்த்தன அட்டவணை மென்பொருள். ஜீகொம்பிறி, ரக்ஸ் பெயின்ற் இரண்டையும் சின்னப் பிள்ளைகளுக்குள் போடுங்கள். றைட்டர் 'கடிதமும் படிவமும்' தலைப்பிலும் கட்டாயம் வேண்டும். ஒரே மென்பொருள் இரண்டு இடத்தில் இருப்பது பிழையல்ல, இரண்டு விதமான ஆட்கள் இரண்டு விதமாகத் தேடினால் அதுதான் சரி. ஆனால் றைட்டர், கல்க் போன்ற இரண்டு மூன்றுக்கு மட்டும் இந்தச் சலுகையைக் கொடுங்கள்.

தமிழ் உள்ளீட்டுச் செற்றிங்கை 'கடிதமும் படிவமும்' தலைப்பில் வைப்பது நல்லது. பாமினியில் அடித்துப் பழகியவர், ரெங்கநாதன் விசைப்பலகை பழகியவர், ஒலிப்பு முறையில் அடிக்கும் இளையவர் என்று மூன்று வகையினரும் ஒரே கதிரையில் மாறி மாறி இருப்பார்கள். விசைப்பலகையை மாற்றும் இடம் செற்றிங்ஸுக்குள் ஒளிந்திருந்தால் கடிதம் அடிக்க வந்தவர் அங்கே போகமாட்டார்.

இனிக் கோப்புகள். முதலில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு டிரெக்ரறிக் கோப்பு. அவற்றை '/யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டெஸ்க்ரொப்-டிரெக்ரறீஸ்' என்ற கோப்புறையில் வையுங்கள். அந்தக் கோப்புறை இல்லாவிட்டால் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) போட்டு உருவாக்குங்கள். கோப்பின் முதல் வரி சதுர அடைப்புக்குள் 'டெஸ்க்ரொப் என்றி'. அடுத்து 'ரைப்=டிரெக்ரறி', 'நேம்=' என்று ஆங்கிலப் பெயர், அதற்குக் கீழே நேம் என்ற சொல்லையடுத்துச் சதுர அடைப்புக்குள் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறி (ரி, ஏ) போட்டுத் தமிழ்ப் பெயர், கடைசியில் 'ஐகன்='. மொழிக் குறியில் நாட்டைச் சேர்த்து இலங்கைக்கென்று எழுதினால், கணினி இந்தியத் தமிழ் லொகேலில் (மொழி, நாட்டு அமைப்பில்) நிறுவப்பட்டிருக்கும்போது அந்தப் பெயர் எடுபடாது. நாடு இல்லாத குறி இரண்டிலும் வேலை செய்யும். கோப்பை யூரிஎப்-8 ஆகச் சேமியுங்கள். வின்டோஸ் நோட்பாட்டில் எழுதிக் கொண்டுவரவேண்டாம், வரி முடிவில் ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத குறி பின்னர் தொல்லை தரலாம்.

அடுத்தது '/ஈரிசி/எக்ஸ்டிஜி/மெனூஸ்/அப்ளிகேஷன்ஸ்-மேர்ஜ்ட்' கோப்புறையில் ஒரேயொரு மெனுக் கோப்பு. 'நிலையம்.மெனு' என்று பெயர் வைக்கலாம். இந்தக் கோப்புறையில் கிடப்பதை எல்லாம் மூல மெனு (மேலே சொன்ன எக்ஸ்எப்சிஈ-அப்ளிகேஷன்ஸ்.மெனு) தன்னோடு சேர்த்துக்கொள்ளும். மூலக் கோப்பில் 'டிபோல்ற்மேர்ஜ்டேர்ஸ்' என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் ஒருக்கால் பாருங்கள், அந்த வரிதான் இந்த வேலையைச் செய்கிறது. மூலக் கோப்பைத் திருத்தத் தேவையில்லை.

நிலையம்.மெனு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது ஒவ்வொரு பகுதியும் ஒரு தொடக்கக் குறிக்கும் மூடுகுறிக்கும் இடையே எழுதப்படும் எழுத்துக் கோப்பு. வெளியே ஒரு 'மெனு' குறி, அதற்குள் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு 'மெனு' குறி. உள்ளே இருப்பதில் 'நேம்', பிறகு 'டிரெக்ரறி' (மேலே எழுதிய கோப்பின் பெயர்), பிறகு 'இன்குளூட்'. இன்குளூட்டுக்குள் ஒவ்வொரு மென்பொருளையும் 'பைல்நேம்' குறிக்குள் எழுதுங்கள்: ஜீனி.டெஸ்க்ரொப், லிப்ரேஒபிஸ்-றைட்டர்.டெஸ்க்ரொப் என்று வரிசையாக. வகையைச் சொல்லிச் சேர்க்கும் 'கற்றகரி' குறியும் உண்டு. விளையாட்டு, இன்ரநெற் போன்ற தலைப்புகளுக்கு அது சுகமான வழி, ஏனென்றால் பிறகு நிறுவுவதும் தானாக வந்து சேரும். பாடத் தலைப்புகளுக்கு பைல்நேம்தான் சரி. எது வரவேண்டும் என்று தீர்மானிப்பது நீங்களாக இருக்கவேண்டும்.

பைல்நேமில்தான் ஆட்கள் அதிகம் இடறுகிறார்கள். துனார் பைல் மனேஜரில் அந்தக் கோப்புறையைத் திறந்தால் உண்மையான கோப்புப் பெயருக்குப் பதிலாக மென்பொருளின் பெயரே தெரியக்கூடும். முனையத்தில் (கட்டளை அடிக்கும் சாளரத்தில்) 'எல்எஸ்' போட்டுப் பாருங்கள். ஒரே மென்பொருள் எங்கிருந்து நிறுவப்பட்டது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். மின்ற்றோடு வரும் றைட்டர் 'லிப்ரேஒபிஸ்-றைட்டர்'. லிப்ரே ஒபிஸ் தளத்தில் தரவிறக்கியதில் பெயரோடு பதிப்பு இலக்கமும் சேர்ந்திருக்கும், 'லிப்ரேஒபிஸ்24.2-றைட்டர்' என்று; அடுத்த பதிப்பை நிறுவிய அன்றைக்கே உங்கள் மெனுவிலிருந்து றைட்டர் காணாமல் போகும். பிளற்பாக் என்ற தனிப் பொதி முறையில் நிறுவினால் அது 'ஓஆர்ஜி' என்று தொடங்கும் நீண்ட பெயர். எட்டுக் கணினியிலும் ஒரே மூலத்திலிருந்து நிறுவியிருந்தால் மட்டுமே ஒரே மெனுக் கோப்பு எட்டிலும் பிழையின்றி ஓடும். முதலில் அதைச் சமப்படுத்துங்கள்.

உங்கள் தலைப்புகள் வந்துவிட்டன, ஆனால் பழைய தலைப்புகளும் அப்படியே நிற்கும். ஜீனி இப்போது ஓ-லெவலிலும் டிவலப்மென்றிலும் தெரியும். பழைய இடத்திலிருந்து எடுக்க, அதே நிலையம்.மெனுவுக்குள் 'டிவலப்மென்ற்' என்ற நேமோடு இன்னொரு மெனு எழுதி, 'எக்ஸ்குளூட்' குறிக்குள் ஜீனியைப் போடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் இரண்டு மெனுவும் ஒன்றாக இணையும். இங்கே எழுதவேண்டியது மூலக் கோப்பிலுள்ள உள்பெயர். திரையில் தமிழில் தெரிவது டிரெக்ரறிக் கோப்பிலிருந்து வரும் பெயர், அதை எழுதினால் ஒன்றுமே நடக்காது. ஒரு தலைப்புக்குள் இருப்பதெல்லாம் வெளியேறிவிட்டால் அந்தத் தலைப்பு தானாகவே மறைந்துவிடும், அழிக்கத் தேவையில்லை.

எக்ஸ்குளூட் போட்டும் போகவில்லையென்றால் வரிசையைப் பாருங்கள். விதிகள் மேலிருந்து கீழாகச் செயற்படும், பிந்தியது வெல்லும். மூலக் கோப்பில் டிபோல்ற்மேர்ஜ்டேர்ஸ் வரி டிவலப்மென்ற் பகுதிக்கு மேலே இருந்தால், நீங்கள் வெளியேற்றியதை அந்தப் பகுதி திரும்பச் சேர்த்துக்கொள்ளும். அந்த வரி கோப்பின் இறுதியில், கடைசி மூடுகுறிக்குச் சற்று முன் இருக்கவேண்டும். மூலக் கோப்பில் நீங்கள் கை வைக்கக்கூடிய ஒரே இடம் இது.

ஒன்றை எல்லாத் தலைப்பிலிருந்தும் வெளியேற்றினால் அது மறையாது. 'ஏனையவை' தலைப்பில் போய்க் குந்தியிருக்கும். எங்கும் சேராதவற்றைப் பொறுக்கிக்கொள்வதற்கென்றே அந்தத் தலைப்பு வைக்கப்பட்டிருக்கிறது. முற்றாக மறைக்க 'அதர்' என்ற நேமிலும் எக்ஸ்குளூட் போடவேண்டும்.

மறைப்பதற்கு டெஸ்க்ரொப் கோப்பில் 'நோடிஸ்பிளே=ட்றூ', 'ஹிடன்=ட்றூ' என்று இரண்டு வழிகளும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. நோடிஸ்பிளே போட்டால் மெனுவில் மட்டும் தெரியாது; பிடிஎப் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் அந்த மென்பொருள் வழமைபோலத் திறக்கும். ஹிடன் போட்டால் அந்தக் கோப்பே அழிக்கப்பட்டதாகக் கணக்கு, கோப்பு வகைத் தொடர்பும் அதோடு அறும். காலையில் விண்ணப்பப் படிவம் திறக்க வந்தவர் எதுவும் திறக்காமல் நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஹிடன் பக்கமே போகவேண்டாம். மறைப்பது பாதுகாப்பும் அல்ல. முனையத்திலிருந்தோ ஓல்ற்-எப்2 பெட்டியிலிருந்தோ எவரும் ஓட்டலாம்.

கடந்தகால வினாத்தாள்களை மெனுவிலேயே வைத்துவிட்டால் பிள்ளைகளுக்கு மெத்த உதவி. '/எஸ்ஆர்வி/பேப்பேர்ஸ்' போன்ற ஒரு கோப்புறையில் பிடிஎப்களைப் போட்டு, எல்லோரும் வாசிக்க அனுமதி கொடுங்கள்: கோப்புறைக்கு 755, கோப்புகளுக்கு 644 (இரண்டிலும் மாற்றுவது உரிமையாளர் மட்டும், மற்றவர்கள் திறந்து வாசிக்கலாம்). பிறகு '/யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்'க்குள் ஒரு டெஸ்க்ரொப் கோப்பு எழுதுங்கள். இங்கே 'ரைப்=லிங்க்' என்று போட ஆசை வரும்; லிங்க் வகை மெனுவில் தெரியாது. 'ரைப்=அப்ளிகேஷன்' என்றே போட்டு, 'எக்செக்=' வரியில் 'எக்ஸ்டிஜி-ஓபின்' கட்டளையையும் கோப்புறையின் பாதையையும் எழுதுங்கள். பாதையில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடவேண்டிவரும். இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. அந்தக் கோப்பின் பெயரை நிலையம்.மெனுவில் ஓ-லெவல், ஏ-லெவல் இரண்டிலும் சேருங்கள்.

பிறீ பாஸ்கலோடு வரும், நிரல் எழுதி ஓட்டும் சூழலான 'எப்பீ'யைப் பிள்ளைகள் கேட்கலாம். அது எழுத்துத் திரையில் ஓடும் மென்பொருள். அதற்கென டெஸ்க்ரொப் கோப்பு எழுதினால் 'ரேர்மினல்=ட்றூ' வரி கட்டாயம், இல்லாவிட்டால் கிளிக் செய்து எதுவும் நடக்காததைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் ஜீனியே போதும். எப்8 அழுத்தினால் தொகுக்கும், எப்5 அழுத்தினால் ஓட்டும், பிழை வந்த வரியையும் காட்டும்.

ஒரு மென்பொருளின் டெஸ்க்ரொப் கோப்பையே மாற்றவேண்டிய தேவை ஒன்றே ஒன்றுதான்: தேடலுக்குத் தமிழ்ச் சொற்கள் சேர்ப்பது. மின்ற் எக்ஸ்எப்சிஈயில் வரும் விஸ்கர் மெனுவின் தேடல் பெட்டியில் 'விரிதாள்' என்று அடித்தால் கல்க் வரவேண்டுமென்றால் 'கீவேர்ட்ஸ்' வரியில் அந்தச் சொல் இருக்கவேண்டும். சொற்களை அரைப்புள்ளியால் பிரித்து, கடைசியிலும் ஓர் அரைப்புள்ளி போடுங்கள். கோப்பை அதே பெயரில் '/யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்'க்குக் கொப்பி எடுத்து அங்கே திருத்துங்கள், லோக்கலில் இருப்பது மூலத்தை முந்தும். ஆனால் கொப்பி எடுத்த நாளோடு அது உறைந்துவிடும். பின்னர் மூலத்தில் கட்டளையோ ஐகனோ மாறினால் உங்கள் கொப்பி பழையதையே ஓட்டப்பார்க்கும். அதனால் நாலைந்து மென்பொருளோடு நிறுத்துங்கள். பிளற்பாக் மென்பொருளுக்கு இந்த வித்தை பலிக்காமல் போகலாம். தேடும் பாதையில் பிளற்பாக்கின் கோப்புறை வழமையாக லோக்கலுக்கு முன்னால் நிற்கும்.

மெனு எடிற்றரை ஏன் விலக்கினேன் என்றால், மெனுலிப்ரே போன்றவை நீங்கள் செய்யும் மாற்றத்தை அந்தப் பயனரின் வீட்டுக் கோப்புறையில்தான் எழுதும். '.கொன்பிக்/மெனூஸ்' என்பதற்குள் மெனுக் கோப்பும், '.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்' என்பதற்குள் டெஸ்க்ரொப் கோப்புகளும் விழும். வீட்டில் இருப்பது முறைமையில் இருப்பதை எப்போதும் முந்தும் என்பதால், அதன்பின் '/ஈரிசி'யில் என்ன செய்தாலும் அந்தப் பயனருக்குத் தெரியாமல் போகலாம். விருந்தினர் கணக்கில் என்றால் லொக் அவுட் செய்தவுடன் எல்லாம் அழியும். வீட்டில் சொந்தக் கணினியில் ஒருவருக்கு அது நல்ல கருவி. பலர் மாறிமாறி இருக்கும் கணினிக்கு அல்ல. நிலையக் கணினிகளில் ஏற்கனவே யாராவது பாவித்திருந்தால், அந்த இரண்டு கோப்புறைகளையும் பெயர் மாற்றி ஒதுக்கிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். வைன் (வின்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) நிறுவி அகற்றிய கணினிகளில் இதே இடங்களில் 'வைன்' என்று தொடங்கும் கோப்புகள் எஞ்சிக் கிடக்கும், அவற்றை நீக்கலாம்.

எழுதி முடிந்ததும் 'டெஸ்க்ரொப்-பைல்-வலிடேற்' கட்டளையால் டெஸ்க்ரொப், டிரெக்ரறிக் கோப்புகளையும், 'எக்ஸ்எம்எல்லிண்ட்' கட்டளையால் மெனுக் கோப்பையும் சோதியுங்கள். ஒரு மூடுகுறி விடுபட்டாலே அந்தக் கோப்பு முழுதும் புறக்கணிக்கப்படலாம், மெனுவே வெறுமையாகவும் தெரியலாம். பிறகு லொக் அவுட் செய்து, பிள்ளைகள் பாவிக்கும் கணக்கால் உள்ளே போய்ப் பாருங்கள்; உங்கள் கணக்கில் சரியாகத் தெரிவது போதாது. உங்களுக்குத் தெரிந்து அவர்களுக்குத் தெரியாவிட்டால் அனேகமாக அனுமதிதான் காரணம். கோப்பு 600 இல் இருக்கும், 644 ஆக்குங்கள். அனுமதி சரியாக இருந்தும் ஒன்று மட்டும் வரவில்லையென்றால், அதன் டெஸ்க்ரொப் கோப்பில் 'ஒன்லிஷோஇன்' வரி இருக்கிறதா பாருங்கள். வேறொரு டெஸ்க்ரொப்புக்கு மட்டும் என்று குறித்த மென்பொருள் பெயர் சொல்லிச் சேர்த்தாலும் வராது. 'ட்றைஎக்செக்' வரி சுட்டும் நிரல் அந்தக் கணினியில் இல்லாவிட்டாலும் அப்படியே.

தலைப்புகள் பெயரின் அகர வரிசையில் வரும். ஓ-லெவல் மேலே வரவேண்டுமென்றால் 'லேயவுட்' குறி இருக்கிறது. ஆனால் தமிழ்ப் பெயருக்கு முன்னால் 1, 2, 3 என்று இலக்கம் போடுவது கெதியான வழி. பிறகு வரும் தொண்டருக்கும் அது விளங்கும்.

மற்றக் கணினிகளுக்குக் கொண்டுபோக நிலையம்.மெனு, டிரெக்ரறிக் கோப்புகள், லோக்கலில் எழுதிய டெஸ்க்ரொப் கோப்புகள் ஆகியவை போதும். பென் டிரைவில் கொண்டுபோனால் லினக்ஸ் அனுமதிகள் அதில் தங்காது, ஒவ்வொரு கணினியிலும் கொப்பி செய்தபின் 644 ஐத் திரும்பக் கொடுங்கள். அல்லது ரார் (ரி, ஏ, ஆர்) கோப்பாகக் கட்டிக்கொண்டுபோய் சூடோவோடு விரியுங்கள், அனுமதி அதற்குள்ளேயே இருக்கும்.

நிலையத்தில் வின்டோஸ் கணினியும் இருந்தால் அங்கே முறை வேறு. 'சி' டிரைவில் மறைந்திருக்கும் 'புரோகிராம்டேற்றா' கோப்புறைக்குள் மைக்ரோசொவ்ற், வின்டோஸ், ஸ்ரார்ட் மெனு, புரோகிராம்ஸ் என்று இறங்கினால் எல்லாப் பயனருக்கும் பொதுவான மெனு அங்கே வெறும் கோப்புறைகளாக இருக்கும். இதே ஏழு தலைப்பில் கோப்புறை செய்து சோட்கட்களைக் கொப்பி எடுத்துப் போடலாம். மூலச் சோட்கட்டை நகர்த்தினால், மென்பொருளை அகற்றும்போது உங்கள் சோட்கட் அனாதையாக நிற்கும், அப்டேற் வரும்போது பழைய இடத்தில் புதிதாக ஒன்று முளைக்கும். மைக்ரோசொவ்ற் ஸ்ரோர் வழியாக நிறுவியவை இந்தக் கோப்புறைகளுக்குள் இருக்கமாட்டா.

உபுண்டுவின் வழமையான க்னோம் டெஸ்க்ரொப்பில் வகை மெனு என்று ஒன்று இல்லை. ஐகன்களை ஒன்றன்மேல் ஒன்று இழுத்துவிட்டுக் கோப்புறை செய்யலாம், அதுவும் பயனருக்குப் பயனர்தான். பலர் பாவிக்கும் கணினிக்கு எக்ஸ்எப்சிஈ, மாற்றே, சினமன், கேடிஈ போன்ற ஒன்றையே வைத்திருங்கள். மேலே சொன்ன மெனுக் கோப்பு முறை அவற்றுக்கும் பொருந்தும். மூலக் கோப்பின் பெயரும் அதிலுள்ள தலைப்புகளின் உள்பெயர்களும்தான் வேறுபடும்.